மேட்டு வளைவில் நாற்பது விநாடி

அந்தத் தொழிற்சாலையிலேயே வேகமான மனிதருக்கு ஆமை என்று பெயர். வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் நடந்து வருவதைப் பார்த்தால், காலும் தரையும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்த பிறகுதான் அடுத்த அடி விழுகிறது என்று தோன்றும். சாப்பிட உட்கார்ந்தால் மற்றவர்கள் கை கழுவி, பல் குத்தி, ஒரு கோழித் தூக்கமும் போட்டு எழுந்துவிடுவார்கள். அவர் பாதித் தட்டில் இருப்பார். அப்பேர்ப்பட்டவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டால் மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர். புதிதாகச் செய்யும் ஒவ்வொரு வண்டியையும் முதலில் ஓட்டிப் பார்த்து, எது சரி, எது கோணல் என்று வாயால் சொல்வது அவர் வேலை.

அவர் சொல்வதைக் காதால் கேட்டு எழுத்தில் ஏற்றுவது அவருடைய தங்கையின் வேலை.

சோதனைத் தடத்துக்குப் பின்பக்கம், டயர் அடுக்கி வைக்கும் கொட்டகையை ஒட்டி அவளுடைய அறை. ஒரு மேஜை, கணினி, ஹெட்போன், காலடியில் ஒரு மிதி. மிதியை அழுத்தினால் பதிவு ஓடும். காலை எடுத்தால் நிற்கும். குதிகாலால் தட்டினால் நாலு விநாடி பின்னால் போகும். தையல்காரி மாதிரி நாள் முழுக்க மிதித்துக்கொண்டிருப்பாள். அண்ணன் சிபாரிசில் வந்தவள் என்றுதான் புதிதாகச் சேர்கிறவர்கள் நினைப்பார்கள். உண்மை வேறு. ஆமை பேசுவது ஆமைக்கே புரியுமோ என்னவோ, அப்படி ஒரு முணுமுணுப்பு. அவளுக்கு முன்னால் மூன்று பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஓடிப்போனார்கள். அதில் ஒருவர், 'டயர் இழுக்கிறது' என்று அவர் சொன்னதை 'டயர் அழுகிறது' என்று அடித்து வைத்துவிட, எந்த டயர், எதற்காக அழுகிறது என்று ஒரு வாரம் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கடைசியில் யாரோ, "இவரோட ஒரே வீட்டுல வளந்தவங்க யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்கப்பா" என்று சலித்துக்கொண்டதில்தான் அவள் வந்தாள். பதினோரு வருடம் ஆகிறது.

நாற்பத்து மூன்று வயதிலும் அண்ணன் வாயில் அவள் 'பாப்பா'தான். ஒருநாள் பதிவுக்கு நடுவே அப்படிக் கூப்பிட்டுத் தொலைக்க, அன்றிலிருந்து தொழிற்சாலை முழுவதற்கும் அவள் பாப்பாக்கா ஆகிவிட்டாள்.

பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அண்ணன் வண்டி ஓட்டி அவள் பார்த்ததில்லை. சபதம் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவள் காதுக்குள் அவர் பறந்துகொண்டிருக்கும் நேரத்தில், நிஜத்தில் அவர் கேன்டீனில் உட்கார்ந்து தேநீரை ஊதிக்கொண்டிருப்பார். அவள் கேட்கும் ஆபத்து எல்லாம் முடிந்துபோன ஆபத்து. அந்தத் தெம்பில் கண்ணை மூடிக்கொண்டு மிதியை அழுத்துவாள். தொண்டையில் கட்டிக்கொள்ளும் மைக் என்பதால் காற்றின் இரைச்சல் எங்கோ பின்னால் கடல் மாதிரி கிடக்கும். அண்ணனின் குரலும் மூச்சும் மட்டும் காதோரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜன்னல் வெயில் மேஜையிலிருந்து மெல்ல இறங்கித் தரைக்கு வருவதற்குள் அவள் எத்தனையோ நூறு கிலோமீட்டர் போய்த் திரும்பியிருப்பாள்.

நாலு வருடமாக விற்றுக்கொண்டிருந்த பெரிய பந்தய வண்டியை அந்த வருடம் புதுப்பித்திருந்தார்கள். எஞ்சினில் கை வைத்திருந்தார்கள், இருக்கையை உயர்த்தியிருந்தார்கள், காற்று வண்டியைத் தரையோடு அழுத்திப் பிடிப்பதற்காக முன்பக்கம் இரண்டு சின்ன இறக்கைகள் வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், கைப்பிடியின் உதறலை அடக்கும் டேம்பர். பழைய வண்டியில் அது வெறும் எண்ணெய்க் குழாய். இதில் அதற்கு ஒரு மூளை வைத்திருந்தார்கள். வேகத்தைப் பார்த்து, சாய்வைப் பார்த்து, எங்கே இறுக வேண்டும், எங்கே தளர வேண்டும் என்று அதுவே முடிவு செய்யும். கொண்டையில் பென்சில் செருகியிருக்கும் இன்ஜினியரம்மா இரண்டு வருடம் அதற்காகவே உழைத்திருந்தாள்.

முதல் நாள் பதிவில் ஆமைக்கு எதுவும் பிடிக்கவில்லை.

"சீட்ட உசத்தியிருக்காங்க, நல்லது. ஆனா தச்ச மகராசனுக்கு இடுப்புன்னு ஒண்ணு கிடையாதுபோல."

கொஞ்ச நேரம் கழித்து, "இறக்க வெச்சிருக்காங்களாம் இறக்க. கோழிக்குக்கூடத்தான் இறக்க இருக்கு."

நேர்ச்சாலை முழுதும் போய் முடிந்த பிறகு, சின்னக் குரலில், "சரி. கோழின்னு சொன்னத எடுத்துடு."

சொன்னது எதையும் எடுக்கக்கூடாது என்பது விதி. பாப்பாக்கா இரண்டையும் அடித்து வைத்தாள்.

இரண்டாம் நாள் குரல் இளகியிருந்தது. "பிரேக்கு ஒத்த விரலுக்குக் கட்டுப்படுது. பழசு மாதிரி இதுகிட்ட கத்த வேண்டியதில்ல, காதுல சொன்னா போதும்." பிறகு எஞ்சினைப் பற்றி: "எட்டாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல சத்தம் மாறுது. கதவு ஒண்ணு தெறக்குற மாதிரி. உள்ள இன்னொரு வீடு இருக்குது பாப்பா." அந்த இடத்தில் காலை எடுத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தாள். பிறகு குதிகாலால் தட்டி மறுபடியும் கேட்டாள். வேலைக்காக இல்லை.

மூன்றாம் நாள்தான் டேம்பரின் மூளையை ஓடவிட்டார்கள். அன்றைக்குத்தான் அது வந்தது.

தடத்தில் ஏழாவது வளைவுக்கு மேட்டு வளைவு என்று பெயர். சாலை ஒரு திமிலைப் போல ஏறி, உச்சியிலேயே இடது பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் சரியும். உச்சியில் முன் சக்கரம் தரையை விட்டும் விடாமலும் மிதக்கும். திரும்பத் தரையைப் பிடிக்கும் கணத்தில் கைப்பிடி தலையை உதறும், ஈரத்தை உதறும் நாயைப் போல. அந்த இடத்தில் அண்ணனின் தொண்டையிலிருந்து 'ஹக்' என்று ஒரு சத்தம் வரும். பதினோரு வருடமாக, எத்தனை வண்டி மாறினாலும், ஒவ்வொரு சுற்றிலும் அந்த 'ஹக்' உண்டு. அது வரும்போது இவள் கால் தானாக மிதியிலிருந்து எழப் பார்க்கும். முடிந்துபோன ஆபத்துதான் என்றாலும் காலுக்கு அது தெரிவதில்லையே.

அன்றைக்கு 'ஹக்' வரவில்லை.

"ஆறாவது முடிஞ்சுது. மேடு ஏறுறேன்" என்றார். அதற்குப் பிறகு பேச்சில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பது அவர் வேலையின் முதல் பாடம். எட்டாவது வளைவுக்கும் பேச்சில்லை, ஒன்பதாவதுக்கும் இல்லை. தூரத்தில் கடல் மாதிரி காற்று. மூச்சு. நாற்பது விநாடி கழித்து, யாரோ தோளைத் தொட்டு எழுப்பியது போல, "ம்... சரி. உள்ள வர்றேன்" என்றார்.

'பேச்சு இல்லை, நாற்பது விநாடி' என்று அடித்தாள் பாப்பாக்கா.

சாயங்காலமே இன்ஜினியரம்மா அந்தத் தாளோடு வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்தச் சுற்றுதான் அந்தத் தடத்தில் யாருமே இதுவரை போகாத வேகமாம், பழைய வண்டியைவிட இரண்டு விநாடி குறைவாம்.

"ஆனா அக்கா, இந்த நாப்பது செகண்டக் காணோமே. மைக்கு ஏதும் மக்கர் பண்ணுச்சா?"

"மைக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப அண்ணன் ஒரு வரி சொல்லிட்டாப் போதும்கா. மேட்டுல வண்டி நல்லா நின்னுச்சுன்னு. வெள்ளிக்கிழமை அறிக்கைய முடிச்சிட்டா செட்டிங்கப் பூட்டிடுவோம். அப்புறம் வர்ற வண்டியெல்லாம் அதேதான்."

அவள் போன பிறகு பாப்பாக்கா ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டாள். நாற்பது விநாடியையும் கேட்டாள். பிறகு இன்னொரு முறை. அந்த மூச்சு அவளுக்குத் தெரிந்த மூச்சாக இருந்தது. நீளமாக இழுத்து, உச்சியில் ஒரு கணம் நின்று, மெல்ல விட்டு. எங்கே கேட்டோம், எங்கே கேட்டோம் என்று கண்ணை மூடி யோசித்தாள். சின்ன வயதில் இரண்டு பேருக்கும் ஒரே அறை. சுவரோரம் அவள், ஜன்னலோரம் அண்ணன். அவளுக்குத் தூக்கம் பிடிக்காத நாட்களில் பக்கத்திலிருந்து வரும் அந்த மூச்சை எண்ணிக்கொண்டே கிடப்பாள்.

காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டாள். தூங்குகிற மனிதனின் மூச்சு அது. மணிக்கு இருநூற்று நாற்பது கிலோமீட்டரில்.

அண்ணன் வீடும் அவள் வீடும் ஒரே கட்டடத்தில்தான். அவர்கள் இரண்டாவது மாடி, அவள் நாலாவது. அன்றைக்குத் தன் வீட்டுக்குப் போகாமல் நேராக அங்கே போனாள். அண்ணி அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வா பாப்பா. இந்த வாரம் உங்கண்ணனுக்கு என்ன வந்துச்சுன்னே தெரியல. படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாரு. ஒரு மொறப்பு இல்ல, முணுமுணுப்பு இல்ல. அந்த வண்டிக்குத்தான் சுத்திப் போடணும்."

அவர் பால்கனியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தோல் கையுறைக்கு விரல் விரலாக மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் கம்பியில் சாய்ந்து நின்றாள். கீழே தெருவில் ஒருவர் கடை ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மேட்டுல என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"அதத்தான் கேக்குறேன்."

கட்டை விரலை முடித்துவிட்டு ஆட்காட்டி விரலுக்கு வந்தார். அவசரப்படுத்தினால் அவர் ஓட்டுக்குள் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"மேடு ஏறுனேனா," என்றார் கடைசியில். "எப்பவும் அங்க எனக்குத் தாரு மட்டுந்தான் தெரியும். அதுல ஒரு வெள்ளக் கோடு, அவ்வளவுதான். அது உதறும், நான் புடிப்பேன், அதுக்கே நேரம் சரியா இருக்கும். இன்னிக்கு அது உதறவே இல்ல பாப்பா. பால்ல கத்தி எறங்குன மாதிரி எறங்குது. எனக்கு அங்க வேல இல்ல. சரின்னு தலையத் தூக்குனேன்."

"தூக்கி?"

"மதிலுக்கு அந்தாண்ட ஒரு ஏரி இருக்கு."

"ஏரியா?"

"பெரிய ஏரி. கரையில மஞ்சக் கட்டடம். மொட்ட மாடியில ஒரு பொம்பள வெள்ளப் போர்வைய உதறிட்டு நின்னா. அது காத்துல அப்படியே விரிஞ்சு, மெதுவா... இத்தன வருஷமா அந்தப் பக்கமா போறேன், அங்க ஏரி இருக்கறது எனக்குத் தெரியாது." மெழுகுத் துணியைக் கீழே வைத்தார். "அப்புறம் பாத்தா பத்தாவது வளைவுல இருக்கேன். எட்டும் ஒம்பதும் எப்படிப் போச்சுன்னு கேட்டா தெரியாது. நான் ஓட்டல. அதுவே ஓட்டிச்சு."

"பயமா இருந்துச்சா?"

"இல்ல. நல்லா இருந்துச்சு." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அவ்வளவு நல்லா இருந்துச்சு. இப்ப நெனச்சாத்தான் கொல நடுங்குது."

இதைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று அவள் கேட்டதற்கு, என்னவென்று சொல்வது என்று திருப்பிக் கேட்டார். ஓட்டுகிற நேரத்தில் புத்தி மேய்ந்துவிட்டது என்றா? நாற்பத்தாறு வயது. ஆமைக்கு வயசாகிவிட்டது, கண் ஏரி குளம் என்று அலைகிறது என்பார்கள். அவர் இடத்தில் ஏறி ஓட்டத் தயாராக ஒருவன் நிற்கிறான். அவன் பெயரே மின்னல், அதுவும் அவனே வைத்துக்கொண்ட பெயர்.

"ரோட்டுல வாங்கி ஓட்டப் போறவனுக்கு மதிலுக்கு அந்தாண்ட ஏரி இருக்காதுண்ணே. லாரி இருக்கும்."

அவர் மெழுகுத் துணியை மறுபடி எடுத்து நடு விரலைத் தேய்த்தார். "நீ எதுவும் எழுதி வெச்சிடாத" என்றார்.

"நான் எங்க எழுதுறேன்? நீ பேசுனா அடிக்கப் போறேன். பேசலன்னா பேச்சு இல்லன்னு அடிக்கப் போறேன்."

மறுநாள் காலைப் பதிவு அவள் மேஜைக்குப் பத்து மணிக்கு வந்தது. மிதியை அழுத்தினாள். எஞ்சின் சத்தமே இல்லை. வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். ஒரு சொல் விழுங்காமல், புதியவர்களுக்கும் புரிகிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி.

"இது என் கருத்து. இந்த வண்டி நல்ல வண்டி. நான் ஓட்டுனதுலயே இதுக்கு மேல ஒண்ணு இல்ல. பிரேக்கு, எஞ்சின், இறக்க, எதுலயும் குறை சொல்ல மாட்டேன். சீட்டு மட்டும் மறுபடியும் தைக்கணும். ஆனா மேட்டுல இது எங்கிட்ட பேசல. தரை அங்க இல்லாமப் போகுது, அத எங்கிட்ட மறைக்குது. எனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் மறைக்குது. நேத்து நான் அங்க நாப்பது செகண்டு வண்டி ஓட்டல. எங்க இருந்தேன்னு கேட்டா, ஏரிக்கரையில இருந்தேன். டேம்பரக் கொஞ்சம் தளத்தணும். வண்டி தலைய ஆட்டணும். பயம் கொஞ்சம் வேணும். முடிஞ்சுது."

பாப்பாக்கா ஒரு எழுத்தும் மாற்றாமல் அடித்தாள். முடித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

இன்ஜினியரம்மாவுக்கு ஏறிய கோபத்தில் கொண்டையிலிருந்த பென்சில் கைக்கு வந்தது, கையிலிருந்த தாள் மேஜையில் விழுந்தது. "உதறல நிறுத்தத்தாண்ணே ரெண்டு வருஷமா ராப்பகலா கிடந்தோம். நின்னுடுச்சு, அதான் குறையா? தப்பா நெனைக்காதீங்க, உங்களுக்கு அசதியா இருந்திருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம்மா," என்றார் ஆமை. "வேற ஆள ஏத்திப் பாருங்க."

மத்தியானம் மின்னலை ஏற்றினார்கள். ஐந்து சுற்று போய் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி முடியைச் சிலுப்பிக்கொண்டு, "சூப்பர்! வெண்ணெய் மாதிரி இருக்கு. ஒரு குறையும் இல்ல" என்றான். இன்ஜினியரம்மா ஆமையைப் பார்த்தாள். ஆமை தரையைப் பார்த்தார். பாப்பாக்கா அந்தப் பதிவைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போய்க் கேட்டாள். நாலாவது சுற்றில், மேட்டுக்குப் பிறகு, மின்னலும் பேசவில்லை. முப்பத்து மூன்று விநாடி. நீளமாக இழுத்து, உச்சியில் நின்று, மெல்ல விடும் மூச்சு.

இன்ஜினியரம்மாவையும் அண்ணனையும் மின்னலையும் அறைக்குள் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் அதைப் போட்டுக் காட்டினாள். அறையில் நாலு பேர் நின்றுகொண்டு ஒருவன் தூங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தது போல இருந்தது. மின்னல் காதைச் சொறிந்தான்.

ஆமை மெதுவாகக் கேட்டார். "தம்பி, அந்தக் கட்டடம் என்ன கலரு?"

"எது, ஏரிக்கரையில இருக்கறதாண்ணே? மஞ்ச" என்றான் அவன், யோசிக்காமலே. "செம ஏரிண்ணே அது. வாத்தெல்லாம் கூட இருக்கு. ஏழு வாத்து."

எண்ணியிருக்கிறான்! சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. இன்ஜினியரம்மா பென்சிலைக் கொண்டையில் திரும்பச் செருகிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எவ்வளவு தளத்தணும்ணே?" என்றாள்.

மறுநாள் முழுக்க அதுதான் வேலை. மேட்டில் நின்று கைப்பிடி எத்தனை முறை உதறுகிறது என்று கண்ணால் பார்த்துக் குறிக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. எல்லாரும் வேலையில் மாட்டிக்கொண்டிருக்க, "நான் போறேன்" என்று பாப்பாக்கா சொன்னாள். சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது.

மேட்டின் ஓரத்தில், மணல் மூட்டைகளுக்குப் பின்னால், அட்டையும் பென்சிலுமாக நின்றாள். அங்கிருந்து ஏரி தெரிந்தது. வெயிலில் தகடு மாதிரி கிடந்தது. மஞ்சள் மாடியில் இன்றைக்கு யாரும் இல்லை. துணிக்கொடி மட்டும் ஆடியது. எங்கோ தொலைவில் ஒரு தேனீ போலச் சத்தம் கிளம்பி, வளர்ந்து, காது கொள்ளாமல் பெருகியது. இதுவரை அவள் கேட்ட ஓட்டமெல்லாம் முடிந்துபோனவை. இது முடியவில்லை. எப்படி முடியும் என்று அவளுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. மிதி இல்லை, காலை எடுத்து நிறுத்த முடியாது.

சிவப்பாக ஒன்று மேட்டில் எழுந்தது. முன் சக்கரம் தரையை விட்டுப் பிரிந்தது. அந்த ஒரு கணம் அண்ணன் ஆகாயத்தில் அசையாமல் நின்றது போல, அவளுக்கு எண்ணிப் பார்க்க நேரம் இருந்தது போல இருந்தது: முழங்கால், முதுகு, குனிந்த தலை. அவ்வளவு மெதுவாகத் தெரிந்தார். பிறகு சக்கரம் தரையைத் தொட, கைப்பிடி ஒரு முறை, இரண்டு முறை உதற, அவருடைய தோள் அதற்குப் பதில் சொல்ல, காற்று அவள் முகத்தில் அறைந்தது. வண்டி இல்லை.

அட்டையில் 'இரண்டு' என்று எழுதினாள். அடுத்த சுற்றுக்கு இடம் மாறி, இன்னும் நன்றாகத் தெரிகிற பக்கம் போய் நின்றுகொண்டாள்.

கடைசியில் சமரசமாகத்தான் முடிந்தது. சாலையில் ஓட்டும் அமைப்பில் டேம்பர் தளர்வாக இருக்கும், வண்டி மேடு பள்ளத்தில் தலையாட்டும். பந்தயத் தடத்துக்கென்று தனியாகத் தேர்ந்தெடுத்தால் மட்டும் இறுகும். வேகத்தில் அரை விநாடி போனது. அதற்காக மேலிடத்தில் இன்ஜினியரம்மா சண்டை போட்டாள் என்று பிறகு தெரிந்தது. ஆமையின் வயதைப் பற்றி யாரும் பேசவில்லை. இருக்கையையும் மறுபடி தைத்தார்கள்.

ஆறு மாதம் கழித்து அவரே போய்க் கேட்டு, பெரிய வண்டிகளை மின்னலிடம் விட்டுவிட்டு, ஸ்கூட்டர் பிரிவுக்கு மாறிக்கொண்டார். காரணம் கேட்டவர்களிடம், "ஏரியப் பாத்துட்டேன், இனிமே அங்க பாக்காம ஓட்ட முடியாது" என்றார். அண்ணிக்கு நம்பவே முடியவில்லை. பாப்பாக்காவுக்கு வேலை குறையும் என்று எல்லாரும் நினைத்தார்கள். முதல் நாள் பதிவு ஒன்றே கால் மணி நேரம் வந்தது. ஸ்கூட்டரின் வேகம் அறுபதைத் தாண்டவில்லை, ஆமையின் வாயைத்தான் பிடிக்க முடியவில்லை.

"பை மாட்டுற கொக்கிய முட்டிக்கு நேரா வெச்சவன் யாரு? அவனுக்கு முட்டி இருக்குதா? இருந்தா கூட்டிட்டு வாங்க, நான் பாக்கணும்..."

பாப்பாக்கா ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, மிதியை அழுத்தி, அடிக்க ஆரம்பித்தாள்.